ஆசிட்டில் கழுவிய பாலைவன மணல்

பாலைவன மணல் மூன்று கோணிகளில் வந்தது. ராஜஸ்தானிலிருந்து லாரியில் ஐந்து நாள். தையலைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். எங்களுக்கு வழக்கமாக வரும் மரக்காணத்து மணல் விரலில் கரகரவென்று உரசும். இது உரசவில்லை; எண்ணெய் தடவியதுபோல் நழுவியது. காற்று உருட்டி உருட்டி முனை மழுங்கிய மணிகள். நிறம் ரவைக்கும் கடலை மாவுக்கும் நடுவில் ஒரு வெளிர் மஞ்சள்.

நான் வேலை செய்வது திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில். உலைகளின் உட்சுவரில் அடுக்கும், சூடு தாங்கும் கல் செய்கிறோம். மேற்குத் தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் போய்வருகிறேன். படித்தது பீங்கான் தொழில்நுட்பம். கம்பெனியில் பதினாறு பேர். அதில் லேப் என்பது நான் ஒருத்தி, ஒரு தராசு, மேஜைமேல் வைக்கிற சின்ன மின் உலை ஒன்று, பிறகு சுவரில் லேமினேட் செய்து ஒட்டிய ஒரு பட்டியல். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. மணல் சோதனைக்கு ஒன்பது படிகள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தப் பட்டியலைப் பார்த்து எனக்குப் பிடித்துப்போனது. வீட்டில் கேஸ் புக் செய்யும் தேதிக்குக்கூடப் பட்டியல் வைத்திருப்பவள் நான்.

மணலை அனுப்பியவர்கள் பகல் வெயிலிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் மணலைக் காய்ச்சி, அந்தச் சூட்டை மாலைக்குச் சேமித்து வைக்கும் வேலையில் இறங்கியிருந்தார்கள். தங்கள் ஊர் மணலையே கற்களாக்கி அடுக்கினால் செலவு குறையும் என்பது அவர்கள் எண்ணம். எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: எண்ணூறு டிகிரிவரை திரும்பத் திரும்பச் சூடாகி ஆறினால் இந்த மணல் மணலாகவே இருக்குமா?

மணல் என்றால் ஒரே பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அது ஒரு கூட்டம். சூடு ஏற ஏறக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். நூறு டிகிரியைத் தாண்டியதும் ஜிப்சம் இருந்தால் அது தன் தண்ணீரை விடும். முந்நூறு நெருங்கும்போது மணிகளின் மேல் மஞ்சளாகப் படிந்திருக்கும் இரும்புத் துரு தன் தண்ணீரை விட்டுச் சிவக்கும். ஐந்நூற்று எழுபத்து மூன்றில், மணலில் பெரும்பங்கான குவார்ட்ஸ் சட்டென்று ஒரு தடவை உப்பும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். எழுநூறுக்கு மேலே சுண்ணாம்புக் கல்லின் துகள்கள் உடைந்து, கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பாக மாறும். குவார்ட்ஸ் மட்டும்தான் பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பி வரும். அதனால் ஒரு மணலில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், அது எந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று சொல்லிவிடலாம்.

ஒன்பது படிகளையும் செய்தேன். தொள்ளாயிரம் டிகிரியில் வைத்து எடுத்தபோது எடை நூற்றுக்கு அரைகூடக் குறையவில்லை. கிண்ணத்தில் மிஞ்சிய மணல் வெள்ளை வெளேர் என்று இருந்தது. நகரத்தில் ஒரு பெரிய லேபுக்கு அனுப்பிய மாதிரியின் எக்ஸ்ரே முடிவும் அதையே சொன்னது: குவார்ட்ஸ், கொஞ்சம் ஃபெல்ட்ஸ்பார் கனிமம், வேறு ஒன்றும் இல்லை. அறிக்கையில் 'தொள்ளாயிரம் டிகிரிவரை மாற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு மணலோடு களிமண் கலந்து நாற்பது கல் அழுத்தி, கேஸ் ஃபர்னஸில் தொள்ளாயிரத்துக்கு ஏற்றினோம். ஃபர்னஸைப் பார்ப்பவரை நான் அண்ணா என்பேன். வயது நாற்பது இருக்கும். பதினோரு வருஷமாக அந்த ஒரு ஃபர்னஸ்தான். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள்கூட அவரை "ஃபர்னஸு" என்றுதான் கூப்பிடுவார்கள். மணிக்கு ஒருமுறை டிகிரியைப் பார்த்து நோட்டில் எழுதுவார். கற்கள் நன்றாகவே வந்தன. அழுத்து மிஷின் பார்க்கும் அக்கா ஒவ்வொன்றையும் சாவியால் தட்டிப் பார்த்தாள். டங் டங் என்று சத்தம். பின்பக்க ஷட்டர் ஓரமாக ரேக்கில் அடுக்கினோம். ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த நேரம்.

நான்கு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, டீ நேரத்தில் எங்கள் முதலாளி ராஜஸ்தான்காரர்களுக்கு வீடியோ காலில் கல்லைக் காட்டினார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் கல். "லுக், வெரி ஸ்ட்ராங்" என்று சொல்லிக்கொண்டே தூக்கினார். கல்லின் மூலை அவர் கையோடு வந்தது. மீதி கீழே விழுந்து பொலபொலவென்று உதிர்ந்தது. ரேக்கிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதன் பக்கவாட்டிலும் மாவு மாதிரி கொட்டியது.

போனை அணைத்துவிட்டு ஃபர்னஸ் அண்ணனைக் கூப்பிட்டார். எல்லோரும் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தோம்.

"டோரை எப்ப திறந்த?"

"இருநூறுக்குக் கீழ எறங்கினப்புறந்தான் சார். நோட்ல எய்திகீறேன்."

"நோட்ல நீ என்ன வேணா எழுதுவ. சித்திரைல என்ன பண்ணின, மறந்துட்டியா?"

சித்திரையில் அண்ணன் அவசரப்பட்டு எழுநூறிலேயே கதவைத் திறந்து, உள்ளே இருந்த தட்டுகள் எல்லாம் விரிசல் விட்டது உண்மை.

"இட்லி வெந்துச்சான்னு மூடியத் தூக்கித் தூக்கிப் பாக்கற ஆளு சார் அது" என்றாள் அக்கா. இரண்டு பேர் சிரித்தார்கள்.

முதலாளி என்னைப் பார்த்தார். "மண்ணுல ஏதாவது இருக்காம்மா?"

"மண்ணுல ஒண்ணும் இல்ல சார். சுத்தமான குவார்ட்ஸ்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே மேலும் சொன்னேன்: ஐந்நூற்று எழுபத்து மூன்று டிகிரிக்கு மேல் இருக்கும்போது கதவைத் திறந்தால் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும், அப்போது கல் உடையும் என்று. நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. அது போதுமாக இருந்தது.

"திங்கக்கிழமைலேர்ந்து நீ லோடிங் பாரு. ஃபர்னஸுக்கு வேற ஆளுக்குச் சொல்லிடறேன்" என்றார் முதலாளி. அண்ணன் டம்ளரில் மீதி இருந்த டீயைத் தரையில் ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

அரை மணி கழித்து லேப் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. டோரை சீக்கிரம் தொறந்தா கல்லு எப்ப ஒடையும்?"

"அப்பவே விரிசல் விடும்ணா."

"வெளிய எடுக்க சொல்லோ ஒடையலியே. அந்த அக்காவே சாவில தட்டிச்சு. நாலு நாளு சும்மா ரேக்ல குந்திகினு இருந்த கல்லு, இப்ப இன்னாத்துக்கு ஒடையுது?"

"பாக்கறேன்ணா" என்றேன்.

"பாருங்க. திங்கக்கெழமைக்குள்ள பாருங்க. லோடிங் பண்ணி வயித்தக் கழுவலாம், அது இல்ல மேட்டரு. பதினோரு வருசம் மேடம். இப்ப ஃபர்னஸ் தெரியாதவன்னு பேரு."

அவர் போனதும் உதிர்ந்த கல்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவர் கேட்டது நியாயம். விரிசலால் உடைந்த கல்லில் கோடு இருக்கும், இரண்டு துண்டுகளும் பொருந்தும். இது பொருந்தவில்லை. உள்ளிருந்து ஏதோ தள்ளியதுபோல் ஒவ்வொரு மணியும் தனியாகக் கழன்றிருந்தது.

சனிக்கிழமை காலையில் சரிபார்க்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டு ஃபர்னஸுக்குப் போனேன். முதலில் டிகிரி காட்டும் கருவி. என்னுடைய கருவியை அதனோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். நாலு டிகிரிதான் வித்தியாசம். அடுத்து கதவின் ஓரம், அதில் கசிவு இல்லை. மூன்றாவது, கூரைப் பக்கம் புகைப்போக்கி அடைத்திருக்கிறதா என்று பார்க்க இரும்புப் படியில் ஏறினேன். கீழேயிருந்து அண்ணனின் குரல் உயர்ந்தது.

"மேடம், மேல வேணாம் மேடம், ஒரே சூடு. நான் பாத்துச் சொல்றேன்."

அதற்குள் நான் பார்த்துவிட்டேன். புகைக்குழாயை ஒட்டி ஒரு பழைய பிஸ்கட் டின், அதில் முக்கால்வாசி மணல். மேலே வேர்க்கடலைத் தோல் மிதந்தது.

"என்ன அண்ணா இது?"

"அது... கடலை. சும்மா மேல போற சூடுதானே." படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ராஜஸ்தான் கோணிலேர்ந்து ரெண்டு டம்ளர் எடுத்தேன். நம்ம மண்ணுல வறுத்தா கடலையோட ஒட்டிகினு வந்து பல்லுல நறநறங்குது. இது ஒட்டவே ஒட்டாது, வழுக்கிகினு பூடும். சார்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க. இருக்கற பேஜாரு போதும்."

நான் கடலையைப் பார்க்கவில்லை. மணல் சிவப்பாக இருந்தது, மழை நின்றபின் செம்மண் பாதை இருக்குமே, அந்தச் சிவப்பு.

அது சிவந்ததில் அதிசயம் இல்லை. மஞ்சள் துரு முந்நூறு டிகிரியில் சிவக்கும். ஆனால் இதே கோணியிலிருந்து எடுத்த மணல் என் கிண்ணத்தில் தொள்ளாயிரத்தில் இருந்துவிட்டு வெள்ளையாக வெளியே வந்தது. என் மாதிரியில் துருவே இல்லை. கோணியில் இருந்தது, கிண்ணத்தில் இல்லை. நடுவில் அதைத் தொட்டவள் நான் மட்டும்தான்.

டின்னைக் கையில் பிடித்தபடி அந்த இரும்புப் படியிலேயே நின்று பட்டியலின் ஒன்பது படிகளை மனசுக்குள் ஓட்டினேன். இரண்டாவதுவரை போகத் தேவையிருக்கவில்லை. படி ஒன்று: மாதிரியை நீர்த்த ஆசிட்டில் ஓர் இரவு ஊறவைத்து, நுரை அடங்கியதும் கழுவிக் காயவைக்கவும்.

எங்கள் மணல் எப்போதும் கடலோர மணல். அதில் கிளிஞ்சல் துண்டுகள் கிடக்கும். ஷெட்டில் அவற்றைச் சல்லடையில் சலித்து எடுத்துவிடுவார்கள். துண்டுகள் பெரியவை, மேலேயே தங்கிவிடும். லேபில் ஒரு கைப்பிடி மணலுக்குச் சல்லடை போடுவது வீண் வேலை என்று ஆசிட்டில் கரைத்துவிடுவோம். கிளிஞ்சலும் சுண்ணாம்புதானே. சலித்தாலும் ஒன்றுதான், கரைத்தாலும் ஒன்றுதான். கடலோர மணலுக்கு இது பல வருஷமாகச் சரியாக நடந்தது, அதனால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பாலைவன மணலில் கிளிஞ்சல் கிடையாது. அதன் சுண்ணாம்பு, குவார்ட்ஸ் மணி அளவிலேயே, அதைப் போலவே உருண்டு, அதோடு கலந்து கிடக்கிறது. சல்லடை அதில் ஒன்றைக்கூடப் பிடிக்காது. ஆசிட் ஒன்றைக்கூட விடாது; மேலே படிந்த துருவையும் சேர்த்துக் கரைத்துவிடும். ஆக நான் சோதித்தது ஒரு மணல், அண்ணன் சுட்டது இன்னொரு மணல். அன்றைக்கு நுரை வழக்கத்தைவிட அதிகமாகப் பொங்கியது எனக்கு நினைவுக்கு வந்தது. ஜாடியிலிருந்து வழிந்ததால் தரையைக்கூடத் துடைத்தேன். வெளியூர் மணல், அழுக்கு இருக்கும் என்று நினைத்தேன். நுரையைக் குறித்துவைக்கப் பட்டியலில் இடம் இல்லை, குறிக்கவில்லை.

லேபுக்கு வந்து கழுவாத மணலை ஒரு கண்ணாடித் தட்டில் பரப்பி ஆசிட் சொட்டினேன். சோடா உடைத்ததுபோல் சீறியது. இன்னொரு கிண்ணம் கழுவாத மணலைத் தொள்ளாயிரத்தில் வைத்து, மதியத்துக்கு மேல் எடுத்து எடை பார்த்தேன். நூற்றுக்கு ஒன்பது குறைந்திருந்தது. அதாவது மணலில் ஐந்தில் ஒரு பங்கு சுண்ணாம்புக் கல். சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிட்டது. சுட்ட சுண்ணாம்புக்குத் தண்ணீர் என்றால் அடங்காத தாகம். மழை நாளில் காற்றில் இருக்கும் ஈரமே போதும். நான்கு நாளாகக் கல்லுக்குள் ஒவ்வொரு சுண்ணாம்பு மணியும் ஈரத்தைக் குடித்து உப்பி, பக்கத்து மணியைத் தள்ளியிருக்கிறது. கதவை எப்போது திறந்திருந்தாலும் இது நடந்திருக்கும்.

முதலாளி அறைக்குப் போனேன்.

"சார், தப்பு லேப்ல. என் தப்பு." முதலில் அதைச் சொன்னேன், பிறகு மற்றதை.

அவர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். கோபத்தைவிடக் குழப்பம்தான் முகத்தில் தெரிந்தது. "அப்ப அந்த எக்ஸ்ரே ரிப்போர்ட்? பெரிய லேபும்மா அது."

"அதுக்கும் நான் கழுவின மண்ணைத்தான் அனுப்பினேன் சார்."

"நோயாளிய வீட்ல படுக்க வெச்சிட்டு பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஸ்கேன் எடுத்த கதையால்ல இருக்கு."

"ஆமா சார்."

கொஞ்ச நேரம் பேனாவை மேஜையில் தட்டினார். "ராஜஸ்தானுக்கு நீயே மெயில் போடு. முதல் வரியிலயே முந்தின ரிப்போர்ட் தப்புன்னு எழுது, சுத்தி வளைக்காத. இவன்ட்ட நான் சொல்லிக்கறேன். லோடிங் வேணாம்னு."

வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையுறையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரூம்ல கூப்புட்டுச் சொல்லிக்குவாரா?"

"ஆமாண்ணா."

"கேட்டது ரூம்லயா மேடம்? டீ டைம்ல, அத்தினி பேரு எதிர்ல. நீங்களும் அங்கதான் ஐந்நூத்திச் சொச்சம்னு இன்னாவோ சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா எல்லாரும் தலைய ஆட்டினாங்க. அதே எடத்துல சொல்லுங்க."

அவர் சொன்னதில் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. முதலாளியிடம் திரும்பிப் போய், டீ நேரத்துக்கு வெளியே வரும்படி கேட்டேன். "அவனா சொன்னான்?" என்றார். நானும்தான் கேட்கிறேன் என்றேன். வந்தார்.

நான்கு மணிக்கு எல்லோரும் டம்ளரோடு நின்றபோது, உதிர்ந்த கல் ஒன்றையும் ஒரு சொட்டுப் புட்டியையும் கொண்டு போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று சீட்டில் நான்கு வரி எழுதியிருந்தேன். எடுத்துப் பார்க்கவில்லை.

"நேத்து நான் மண்ணுல ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். அது தப்பு. மண்ணுல சுண்ணாம்பு இருக்கு. நான் அதக் கழுவி எடுத்துட்டு டெஸ்ட் பண்ணிட்டேன். கல்லு உடைஞ்சதுக்குக் காரணம் சுண்ணாம்பு. அண்ணன் டோரைச் சரியாத்தான் திறந்திருக்காரு."

கல்லின்மேல் ஒரு சொட்டு விட்டேன். தண்ணீர் போன்ற மருந்து. சுண்ணாம்பில் பட்டால் மட்டும் நிறம் மாறும். அந்த இடம் பளீரென்று ரோஸ் நிறமானது. பக்கத்தில் மரக்காணத்து மணலில் செய்த கல்லில் ஒரு சொட்டு. அது நிறம் மாறாமல் ஈரமாகவே இருந்தது. அக்கா புட்டியை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

"தோ பாரு, கலரு! எப்டிப்பா கண்டுபுடிச்ச?"

இதற்குப் பதில் நான் தயார் செய்யவில்லை. சீட்டில் கடலை டின்னை வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். "வேற ஒரு சாம்பிள் கிடைச்சுது" என்றேன்.

"எந்த சாம்பிள்?" என்றார் முதலாளி.

"கடலை வறுத்த மண்ணு சார்" என்றார் அண்ணன். "ஃபர்னஸ் மேல டின் வெச்சிருந்தேன். நான்தான்."

முதலாளி அவரையே பார்த்தார். "என் ஃபர்னஸ்ல?"

"மேல சார். உள்ள இல்ல."

"எத்தினி நாளா நீ மட்டும் துன்னுகினு இருந்த?" என்று அக்கா கத்தினாள். "இட்லிக்காரன்னு நெனச்சா கடலைக்காரன்!" இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனும். முதலாளி சிரிக்கவில்லை, ஆனால் டின்னை எடுக்கச் சொல்லவும் இல்லை. "வர்ற ஆளை வரவேணாம்னு போன்ல சொல்லிட்டேன்" என்று அண்ணனைப் பார்த்து, அனைவருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு என்னிடம், "அப்ப இந்த மண்ணு எதுக்குமே ஆகாதா?"

"ஆகும் சார். கல்லாச் சுட வேணாம். தட்டுல வெறும் மணலாப் பரப்பி ஐந்நூத்தி ஐம்பதோட நிறுத்திக்கணும். சுண்ணாம்பு அசையாது, குவார்ட்ஸும் உப்பாது. துருவும் ஜிப்சமும் முதல் தடவை மாறினா அதோட சரி. பத்து தடவை ஏத்தி இறக்கி எடை பாத்துட்டுச் சொல்றேன். கழுவாத மணல்ல."

"போட்டுப் பாரு" என்று உள்ளே போனார்.

ஃபர்னஸ் ஏற்றுவதற்கு லேபிலிருந்து ஒரு சீட்டு போக வேண்டும். என்ன சரக்கு, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எப்போது கதவைத் திறப்பது என்று நான்கு வரி. கீழே என் கையெழுத்து. திங்கட்கிழமை காலை அதை எழுத உட்கார்ந்தபோது அண்ணன் எதிரில் நின்றார். சரக்கு என்ற இடத்தில் 'பாலைவன மணல், கழுவாதது' என்று எழுதினேன். டிகிரி, நேரம் எழுதினேன். நான்காவது வரியில் இத்தனை நாளும் அவரைக் கேட்காமல் இருநூறு என்று போட்டுக்கொண்டிருந்தவள், பேனாவை நிறுத்தினேன்.

"டோர் எத்தனைல திறக்கலாம்ணா?"

அவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். ஃபர்னஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"குளிர் காத்து அடிக்குது. நூத்தம்பது போடுங்க. நேரமாவும், பரவால்ல."

நூற்றைம்பது என்று எழுதினேன். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு சீட்டைக் கொடுத்தேன்.